இல்லை என்ற பதில்

நண்பர் இறந்து மூன்று வருஷங்கள் ஆகின்றன. அவருடைய கவிதைத் தொகுதி வெளிவந்து ஒன்றரை வருஷம். அந்தத் தொகுதிக்கு நான் எழுதிய முன்னுரையில் ஒரு பாரா தப்பு. தப்பு என்றால் அச்சுப் பிழை அல்ல. அபிப்பிராய பேதமும் அல்ல. இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொன்னால் யாராவது ஒருவர் அதைக் காட்டச் சொல்லிக் கேட்பார். பொய் சீக்கிரம் வெளிப்பட்டுவிடும். இருக்கிற ஒன்றை இல்லை என்று சொல்லி, அந்த இல்லாமையின் மீது ஒரு கொள்கையையும் எழுப்பிவிட்டால் அதற்கு விமர்சனம் என்று பெயர் வந்துவிடுகிறது. நான் செய்தது அதுதான். அது எப்படி நேர்ந்தது என்று எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இதில் கொஞ்சம் கணிப்பொறி விவகாரம் வரும். இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களில் பலருக்கு அதில் ருசி இருக்காது. ஆனால் அந்த விவகாரத்தைத் தவிர்த்துவிட்டுத் தப்பை மட்டும் சொல்ல முடியாது. தப்பு அதற்குள்தான் இருக்கிறது.

நண்பர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நிறைய எழுதினார். கடைசிப் பத்து வருஷங்களில் எழுதியது பூராவும் கணிப்பொறியில். மகள் தான் உபயோகித்துக் கழித்த மாக் இயந்திரம் ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தாள். அவர் காலமான பிறகு, அதிலிருந்த அவருடைய கோப்புகள் எல்லாவற்றையும் ஜிப் என்கிறார்களே, அப்படி ஒரே கட்டாகக் கட்டி எனக்கு அனுப்பினாள். நான் முப்பது வருஷம் கணிப்பொறி வேலை பார்த்துச் சாப்பிட்டவன். நண்பர்கள் வட்டத்தில் இந்தக் காரியத்துக்குத் தகுதியான ஆள் நான்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கட்டைப் பிரித்தால் 1,800க்கு மேல் கோப்புகள். பென்ஷன் கடிதங்கள், வீட்டுக் கணக்கு, மருத்துவரிடம் காட்டவேண்டிய பரிசோதனை முடிவுகள், யாரோ கேட்டு அவர் அனுப்பாமல் விட்ட கட்டுரைகள், மின்கட்டண ரசீதுகள். இவற்றுக்கு நடுவே கவிதைகள். இத்தனையையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது என்றால் இரண்டு மாசம் ஆகும். நான் திறந்து பார்க்கவில்லை. தொழில் தெரிந்தவன் செய்வதைச் செய்தேன். ஒரு வார்ப்பு எழுதினேன்.

வார்ப்பு என்று நான் சொல்வது இதுதான். கோப்பின் பெயரில் தெரிந்த பகுதியை எழுதி, தெரியாத பகுதிக்கு ஒரு நட்சத்திரக் குறி போடுவது. 'கவிதை*' என்று எழுதினால், கவிதை என்று தொடங்கி அதற்குப் பிறகு எது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அந்தப் பெயர்கள் எல்லாவற்றையும் கொண்டு வா என்று அர்த்தம். கேள்விக்குறி போட்டால் ஏதாவது ஒரே ஒரு எழுத்து. இந்த வழக்கம் பழையது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் உருவானபோது இதற்கென்றே குளோப் என்று ஒரு தனி நிரல் இருந்தது. குளோபல் என்பதன் சுருக்கம். அதன் பெயர் இன்றைக்கும் பைத்தான், ரூபி, பெர்ல், பிஎச்பி என்று ஏகப்பட்ட மொழிகளில் அப்படியே நிலைத்திருக்கிறது. நட்சத்திரமும் கேள்விக்குறியும் அரை நூற்றாண்டாக மாறவில்லை. கணிப்பொறியில் வேறு எதுவும் இவ்வளவு காலம் மாறாமல் இருந்ததாகச் சொல்வது கஷ்டம்.

'கவிதை*' என்பதற்கு 112 கோப்புகள் கிடைத்தன. நண்பர் ஒழுங்கான மனுஷர். பெரும்பாலானவற்றுக்கு அப்படித்தான் பெயர் வைத்திருந்தார். தொகுதிக்கு அவற்றிலிருந்து 80 தேர்ந்தோம்.

ஒரு விஷயம் மட்டும் மிச்சம் இருந்தது. கடைசி வருஷத்தில் அவர் 'தோட்டம்' என்ற பெயரில் ஒரு வரிசை எழுதிக்கொண்டிருப்பதாக என்னிடம் இரண்டு மூன்று தடவை சொல்லியிருந்தார். எதையும் காட்டவில்லை. "சரியா வரல்லே. பார்ப்போம்" என்றார். அவர் அப்படிச் சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்கும் வழக்கம் எங்களுக்குள் இல்லை. அந்த வரிசையைத் தேடினேன். பைத்தானில் '*தோட்டம்*' என்று இருபுறமும் நட்சத்திரம் வைத்துக் கேட்டேன். முன்னால் என்ன இருந்தாலும் பின்னால் என்ன இருந்தாலும் நடுவில் தோட்டம் இருந்தால் போதும். இதைவிடத் தாராளமாக ஒரு கேள்வியைக் கேட்க முடியாது. பதிலாகத் திரையில் இரண்டு பகர அடைப்புக்குறிகள் வந்தன. நடுவில் ஒன்றுமில்லை. வெற்றுப் பட்டியல்.

மகளிடம் போனில் சொன்னேன். "இல்லையே மாமா, அப்பா அதைப் படிச்சுக் காட்டியிருக்காரே. கிணத்தடி வாழையைப் பத்தி ஒண்ணு வரும்" என்றாள். படித்துக் காட்டியிருப்பார், பிறகு அழித்திருப்பார் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. என் குரலில் இருந்த நிச்சயம் அவளைப் பேசவிடாமல் செய்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. கவிதையைக் கேட்டவள் அவள். நான் ஒரு பட்டியலைப் பார்த்தவன். அவளுடைய காதைவிட என்னுடைய பட்டியல் எனக்குப் பெரிய சாட்சியமாக இருந்தது.

முன்னுரையில் அந்தப் பாராவை எழுதினேன். நண்பர் தன் எழுத்தின் மீது எவ்வளவு கறாராக இருந்தார் என்பதற்கு 'தோட்டம்' வரிசையை அவர் அழித்துவிட்டதே அத்தாட்சி என்றேன். பிரசுரித்ததை வைத்து மட்டுமல்ல, நிராகரித்ததை வைத்தும் ஒரு கவிஞனை அறிய வேண்டும் என்றேன். மௌனம், துறப்பு, சொல்லாமல் விடுவதின் அழகு என்றெல்லாம் நமக்குப் பழக்கமான சொற்கள் தாமாக வந்து உட்கார்ந்துகொண்டன. எழுதி முடித்தபோது நன்றாகத்தான் இருந்தது. தொகுதியைப் பற்றி மதிப்புரை எழுதிய ஒருவர் கவிதைகளை விட்டுவிட்டு அந்தப் பாராவை மேற்கோள் காட்டினார். எழுதப்படாத அந்தத் தோட்டம்தான் இந்தத் தொகுதியின் மையம் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாசம் டிஸ்கில் இடம் போதாமல், எதை எதையெல்லாம் கழிக்கலாம் என்று பார்ப்பதற்காக நண்பரின் கோப்புகளை வார்ப்பு எதுவும் இல்லாமல் மொத்தமாக அகரவரிசையில் பட்டியலிட்டேன். ஓட்டிக்கொண்டே வரும்போது ஒரு இடத்தில் கண் தடுக்கியது. 'தேர்தல் அட்டை' என்று ஒரு கோப்பு. கீழே 'தை மாசச் செலவு'. இரண்டுக்கும் நடுவில் 'தோட்டம் 1'. அதன்கீழ் 2, 3. ஏழு வரைக்கும்.

முதலில் உறைத்தது தோட்டம் இருக்கிறது என்பது அல்ல. தைக்கு முன்னால் தோ எப்படி வந்தது என்பதுதான். தே, தை, தொ, தோ என்று திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சொல்வான். வரிசை தப்பியிருக்கிறது என்பது புலப்பட்ட பிறகுதான், வரிசை தப்பி நிற்பது என்ன என்பது புலப்பட்டது. முப்பது வருஷ உத்தியோகம் ஒரு மனுஷனை என்ன செய்துவிடுகிறது என்பதற்கு இதை உதாரணமாகக் காட்டலாம்.

அந்தப் பெயரின் நீளத்தை அளந்தேன். நம் கணக்குக்குத் தோட்டம் என்பது நான்கு எழுத்து. தோ, ட், ட, ம். கணிப்பொறிக்கு அப்படி இல்லை. 1991இல் வந்த யூனிகோட், இந்திய அரசுத் தரப்பில் 1988இல் வகுத்த இஸ்கி முறையை ஒட்டித் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. அதில் உயிர்மெய் ஓர் எழுத்து அல்ல. த ஒரு குறி, அதன் மேல் ஏறும் ஓகார அடையாளம் ஒரு குறி. புள்ளியும் தனிக் குறி. அப்படிப் பார்த்தால் தோட்டம் ஏழு குறிகள். நான் தட்டச்சு செய்த தோட்டத்துக்கு ஏழுதான் இருந்தது. நண்பரின் கோப்புப் பெயரிலிருந்த தோட்டத்துக்கு எட்டு.

எட்டாவது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். தோ என்பதை நாம் எப்படி எழுதுகிறோம்? இடப்பக்கம் இரட்டைக் கொம்பு, நடுவில் த, வலப்பக்கம் கால். சிலேட்டில் வாத்தியார் கைபிடித்து அப்படித்தான் எழுதவைத்தார். யூனிகோடுக்கு இது தெரியும். ஓகார அடையாளத்தை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று சமம் என்று அது விதி செய்திருக்கிறது. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இதே கதிதான். கவிதை என்ற சொல்லில் இவை மூன்றும் இல்லை. அதனால் கவிதை கிடைத்தது. தோட்டம் கிடைக்கவில்லை.

1998இல் ஆப்பிள் கொண்டுவந்த கோப்பு முறை பெயர்களை எல்லாம் பிரித்து வைத்துக்கொள்ளும். நண்பர் ஓகாரத்தை ஒரே குறியாகத்தான் தட்டியிருப்பார். இயந்திரம் அதை கொம்பும் காலுமாகப் பிரித்து வைத்துக்கொண்டது. 2017இல் அவர்கள் புதிய முறைக்கு மாறினார்கள். நண்பரின் இயந்திரம் அதற்கு முற்பட்டது. ஜிப் கட்டும்போதும் பெயர் பிரிந்தபடியே கட்டுக்குள் போயிற்று. என்னுடையது லினக்ஸ். அதற்குக் கோப்பின் பெயர் என்பது வெறும் எண்களின் தொடர். சமம் என்ற விதியெல்லாம் அதற்குப் பொருட்டல்ல. நான் கேட்டது ஒரு தொடர், அங்கே இருந்தது வேறொரு தொடர். இல்லை என்று சொல்லிவிட்டது. அந்த இயந்திரத்தின் தர்க்கத்தில் அது உண்மையான பதில்.

நண்பரின் பழைய மாக் இயந்திரத்திலேயே தேடியிருந்தால் அது கேள்வியையும் தானே பிரித்துப் பார்த்து, ஏழையும் கொடுத்திருக்கும். அவருடைய வீட்டுக்குப் போய் அவருடைய மேஜையில் உட்கார்ந்து பார்க்க எனக்கு அவகாசம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். எனக்குப் பரிச்சயமான ஒவ்வொரு மொழியிலும் அதே கேள்வியை எழுதி, அதே கோப்புகளிடம் கேட்டுப் பார்த்தேன். ஏதாவது ஒரு மொழி என்னைக் காப்பாற்றியிருக்குமா என்று தெரிந்துகொள்ள ஆசை. இல்லாவிட்டால் பழியைப் பைத்தான் மீது போட ஆசை என்றும் சொல்லலாம்.

எதுவும் காப்பாற்றவில்லை. எல்லாம் இல்லை என்றே சொல்லின. ஆனால் இல்லை என்பதை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிற்று. உத்தியோக காலத்தில் இவை எனக்கு வெறும் தொந்தரவாக இருந்தவை. இப்போது அப்படித் தோன்றவில்லை.

பாஷ் என்ற ஷெல் 1989இல் வந்தது. பழைய போர்ன் ஷெல்லின் வழி. வார்ப்புக்கு எதுவும் பொருந்தாவிட்டால் அது வார்ப்பையே திருப்பிக் கொடுத்துவிடும். '*தோட்டம்*' எங்கே என்று கேட்டால் '*தோட்டம்*' என்றே பதில் வரும், நட்சத்திரங்களோடு. அனுபவமில்லாதவன் அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். நம் கேள்வியை நாமே பதிலாக வாங்கிக்கொண்டு போகலாம். இலக்கியக் கூட்டங்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

சி-ஷெல் மரபும் இசட்-ஷெல்லும் வேறு சுபாவம். பொருந்துவது எதுவும் இல்லை என்று சத்தம் போட்டுவிட்டு வேலையையே நிறுத்திவிடும். முரட்டுத்தனம்தான். ஆனால் ஏதோ சரியில்லை என்ற எண்ணமாவது கேட்டவனுக்கு வரும். டிக்கிள் என்று ஒரு மொழி. அதிலும் எதுவும் பொருந்தவில்லை என்றால் நெடுங்காலம் வரை அது பிழைதான். அதைப் பிழையாகக் கருத வேண்டாம் என்றால் 'குறை சொல்லாதே' என்று தனியாக ஒரு வார்த்தை எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த வார்த்தையை நானும் அந்தக் காலத்தில் யோசனையில்லாமல் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன்.

பெர்லில் வெற்றுப் பட்டியல். ஆனால் அதில் ஒரு விசித்திரம். குளோபுக்குள் நட்சத்திரமோ கேள்விக்குறியோ இல்லாமல் ஒரு பெயரை நேரடியாகக் கொடுத்தால், அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்காமலே அந்தப் பெயரைத் திருப்பித் தந்துவிடும். பெயரின் நடுவே இடைவெளி இருந்தால் அதை இரண்டு கேள்வியாகவும் எடுத்துக்கொள்ளும். 'தோட்டம் 1' என்று கேட்டேன். தோட்டம் என்று ஒன்று, 1 என்று ஒன்று, இரண்டு பதில் கிடைத்தது. இரண்டும் இல்லாதவை. இருக்கிற ஏழில் ஒன்றைக்கூடக் காட்டாமல் இல்லாத இரண்டைக் காட்டிற்று.

கோ என்ற மொழியின் விளக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். கோப்புகளைப் படிக்கும்போது ஏற்படுகிற பிழைகளை அது பொருட்படுத்தாது. ஒரு ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லையென்றாலும் சொல்லாது. திறக்க முடியாததும் அதற்குக் காலியானதும் ஒன்றே. அது தெரிவிக்கிற பிழை ஒன்றே ஒன்றுதான். வார்ப்பை நாம் தப்பாக எழுதியிருந்தால் சொல்லும். வார்ப்பு லட்சணமாக இருக்கிற வரைக்கும், உலகம் படிக்கக் கிடைத்ததா இல்லையா என்ற பிரச்னையே எழாது. இதைக் கொள்கையாகச் சொல்லாவிட்டாலும் நடைமுறையில் கடைப்பிடிக்கிற விமர்சகர்களின் பெயர்களை எழுதலாம். முதல் பெயர் என்னுடையதாக இருக்கும்.

இருப்பதற்குள் நேர்மையானது சி. வயசானது. அதில் எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும், வாங்கிய நினைவிடத்தையும் நாமே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் தோல்விக்கு அது மூன்று காரணங்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. நினைவிடம் போதவில்லை. படிப்பதில் தடங்கல் ஏற்பட்டு நிறுத்திவிட்டேன். படித்தேன், பொருந்துவது எதுவும் இல்லை. ஆனால் படிப்பதில் ஏற்படுகிற தடங்கலில் நிறுத்து என்று நாம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் தாண்டிப் போய்விடும்.

இந்த மூன்றில் எதுவும் என் விஷயத்துக்கு ஒத்துவராது என்பதுதான் வாஸ்தவம். நான்காவது ஒரு பதில் வேண்டியிருந்தது. 'நீ கேட்டது இல்லை, ஆனால் நீ கேட்டதைப் போலவே கண்ணுக்குத் தெரிகிற ஒன்று இங்கே இருக்கிறது, போய்ப் பார்.' இந்தப் பதிலை எந்த மொழியும் தானாகச் சொல்வதில்லை. கேள்வி, பெயர் இரண்டையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். பைத்தானில் அதற்கு ஒரு வரி போதும். அந்த வரி எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தும் இருக்கிறேன். தோட்டம் என்று தட்டியபோது அது நினைவுக்கு வரவில்லை. தோட்டம் என்ற சொல் எனக்கு அவ்வளவு தெரிந்த சொல். தெரிந்த சொல்லுக்கு இரண்டு உருவம் இருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்?

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். யூனிக்ஸ் வழியில் வந்த இயந்திரங்களில், பெயர் புள்ளியில் தொடங்கினால் நட்சத்திரத்துக்கு அது பிடிபடாது. 'எல்லாம்' என்று கேட்டாலும் வராது. இது ஏதோ ஆழ்ந்த யோசனையில் பிறந்த விதி என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன். பெல் ஆய்வுக்கூடத்தின் யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012இல் இதைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு ஃபோல்டரிலும் அந்த ஃபோல்டரையே குறிக்க ஒற்றைப் புள்ளியும், மேல் ஃபோல்டரைக் குறிக்க இரட்டைப் புள்ளியும் இருக்கும். பட்டியலில் இந்த இரண்டையும் விட்டுவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். அதற்கு, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தால் போதும் என்று யாரோ சுருக்கு வழியில் எழுதிவிட்டார்கள். அந்தச் சோம்பலின் விளைவாகப் புள்ளியில் தொடங்குகிற எல்லாப் பெயர்களும் மறைந்துபோயின. பிறகு மறைத்துவைக்க வேண்டியதையெல்லாம் புள்ளி வைத்து எழுதுவது மரபாகிவிட்டது. இன்று அதை யாராலும் மாற்ற முடியாது. முதல் தலைமுறை செய்த ஒரு சௌகரியம் அடுத்த தலைமுறைக்கு விதியாகவும், அதற்கடுத்த தலைமுறைக்கு இயற்கையாகவும் ஆகிவிடுவதை நம் புதுக்கவிதை விமர்சனத்திலும் காணலாம். படிமம் இருந்தால் கவிதை, இல்லாவிட்டால் கணக்கில் இல்லை என்று ஒரு காலம் இருந்தது. அந்த வார்ப்புக்குள் வராத எத்தனை பேரை நாம் இல்லை என்று சொன்னோம் என்பதற்குப் பட்டியல் கிடையாது. இருக்கவும் முடியாது. வார்ப்புக்குள் விழாதவற்றைப் பட்டியல் போட வேறு ஒரு வார்ப்பு வேண்டும்.

க.நா.சு. பட்டியல் போட்டார் என்பது நம் சூழலில் பழைய பிராது. நானும் ஒரு காலத்தில் அந்தப் பிராதில் கையெழுத்துப் போட்டவன். பட்டியல் விமர்சனம் ஆகாது, காரணம் சொல்ல வேண்டும், தர்க்கம் வேண்டும் என்றெல்லாம் பேசியிருக்கிறேன். இப்போது நினைத்துப் பார்த்தால் அவருடைய பட்டியலுக்கும் என்னுடைய பட்டியலுக்கும் ஒரு வித்தியாசம் தெரிகிறது. அவர் படித்துவிட்டுப் போட்டார். நான் பட்டியலைப் பார்த்துவிட்டுப் படித்தேன். காரணமும் தர்க்கமும் என்னிடம் இருந்தன. முன்னுரையின் அந்தப் பாராவில் தர்க்கப் பிழை ஒன்றுகூடக் கிடையாது.

ஏழு கவிதைகளையும் படித்தேன். இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அவற்றில் இரண்டு நல்ல கவிதைகள். கிணற்றடி வாழையைப் பற்றியது அந்த இரண்டில் ஒன்று. தொகுதியில் இருக்கிற எதற்கும் அது குறைந்தது அல்ல. மற்ற ஐந்தும் சாதாரணம். இரண்டு, கவிதை என்றே சொல்ல முடியாதவை. வீட்டுக்குப் பின்னால் என்ன நட்டார், எது பட்டுப்போயிற்று என்ற குறிப்புகள், வரி மடக்கி எழுதியவை. ஐந்தாவதை மூன்று தடவை திருத்தியிருக்கிறார், கடைசித் திருத்தம் இறப்பதற்குப் பதினோரு நாளைக்கு முன். ஒன்றையும் அழிக்கவில்லை. சரியாக வராததையும் வைத்துக்கொண்டு, சரியாக வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். நான் அவருக்குக் கொடுத்த கறார்த்தனம் அவரிடம் இருக்கவில்லை. அவரிடம் இருந்தது பொறுமை. இரண்டும் வேறு வேறு குணங்கள். அழித்துவிட்ட கவிஞன் என்ற சித்திரம் எனக்குப் பிடித்திருந்தது. நம் எல்லோருக்குமே பிடிக்கும். ஐந்து சுமாரான கவிதைகளைத் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருந்த மனுஷர் என்ற சித்திரம் அவ்வளவு எடுப்பாக இல்லை. ஆனால் அவர் அப்படித்தான் இருந்தார். அவருடன் இருபது வருஷம் பழகிய எனக்கு, கோப்புகளைப் பார்க்காமலே அது தெரிந்திருக்க வேண்டும்.

மகளுக்குப் போன் செய்து சொன்னேன். கொம்பு, கால், ஏழு குறி, எட்டுக் குறி எல்லாவற்றையும் விளக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வாழையைப் பத்தினது இருக்கா மாமா?" என்றாள். இருக்கிறது என்றேன். "படிங்களேன்" என்றாள். படித்தேன். நடுவில் ஓர் இடத்தில், "அப்பா அங்கே நிறுத்திப் படிப்பார்" என்றாள். மறுபடி அந்த வரியிலிருந்து படித்தேன்.

தொகுதி 300 பிரதிகள் அச்சிட்டோம். இருநூறு சொச்சம் போய்விட்டது. மிச்சப் பிரதிகளில் முன்னுரைக்கு எதிரே ஒரு துண்டுத் தாள் ஒட்டுவதாக ஏற்பாடு. அதில் வாசகம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று பதிப்பித்த நண்பர் சொன்னார். 'தோட்டம் வரிசையை ஆசிரியர் அழித்துவிட்டார் என்று முன்னுரையில் கூறியிருப்பது தவறு. ஏழு கவிதைகள் உள்ளன. தேடியவர் பார்க்கவில்லை.' இவ்வளவுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கணிப்பொறியைப் பற்றி ஒரு வார்த்தை சேர்த்தால் உங்கள் பேரில் குற்றம் இல்லை என்று புரியுமே என்றார். அதற்காகத்தான் சேர்க்கவில்லை.

நண்பரின் 1,800 கோப்புகளையும் இப்போது ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு முப்பது வீதம். இன்று 640இல் இருக்கிறேன். பெரும்பாலும் ரசீதுகள்தான்.